குற்றம் சாட்டியவர் மேயரானால்: ரூடி ஜூலியானியை முன்வைத்து ஓர் அறிமுகம்

அமெரிக்க அரசியலைப் புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர்களுக்கு ஓர் அடைமொழி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: ‘முன்னாள் அரசு வழக்கறிஞர்’. மேயர், ஆளுநர், செனட்டர் என்று யாருடைய வாழ்க்கைக் குறிப்பைப் புரட்டினாலும், நடுவில் எங்கோ சில வருடங்கள் குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றிய கதை இருக்கும். கோர்ட்டில் வாதாடிய அனுபவத்துக்கும், குப்பை அள்ளுவது, பள்ளம் மூடுவது, பட்ஜெட் போடுவது போன்ற மேயர் வேலைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். நேரடிச் சம்பந்தம் பெரிதாக இல்லை. ஆனாலும் இந்தப் பாதை அங்கே நன்றாகத் தேய்ந்த பாதை.

அதைப் புரிந்துகொள்ள நியூயார்க்கின் ரூடி ஜூலியானியைப் போலப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. இன்றைக்கு அவர் பெயரைக் கேட்டால் 2020 தேர்தலுக்குப் பிறகு நடந்த கூத்துதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு 1980களுக்குப் போவோம்.

முதலில், இந்தப் பதவி என்ன?

நம்மூரில் அரசு வழக்கறிஞர் என்றால், போலீஸ் விசாரித்து முடித்துத் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையை வைத்து வழக்கை நடத்துபவர். அமெரிக்காவில் அவர் கையில் இருக்கும் அதிகாரம் வேறு. யார் மேல் வழக்குப் போடுவது, எந்தச் சட்டத்தில் போடுவது, யாரை விட்டுவிடுவது, யாரை அப்ரூவராக்குவது, யாரிடம் ‘குற்றத்தை ஒப்புக்கொள், தண்டனையைக் குறைக்கச் சொல்கிறேன்’ என்று பேரம் பேசுவது எல்லாமே பிராசிக்யூட்டரின் முடிவு. அங்கே பெரும்பாலான வழக்குகள் விசாரணை வரைக்கும் போவதே இல்லை, இந்தப் பேரத்திலேயே முடிந்துவிடும். அதனால் பல வழக்குகளில் நீதிபதியை விட அவருக்கே செல்வாக்கு அதிகம்.

இதில் இரண்டு வகையினர் உண்டு. டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி என்பவர் உள்ளூர் ஆள். கொலை, கொள்ளை, அடிதடி எல்லாம் அவரிடம் வரும். பெரும்பாலான மாநிலங்களில் அவரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதாவது அவர் ஏற்கெனவே அரசியல்வாதிதான். தெருமுனைப் பிரசாரம், நன்கொடை, கட்சி ஆதரவு எல்லாம் அவருக்குப் பழக்கம். இரண்டாவது வகை யு.எஸ். அட்டர்னி. இவர் மத்திய அரசின் ஆள். நாட்டை 94 நீதி மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றுக்கான யு.எஸ். அட்டர்னிகளை அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். பங்குச் சந்தை மோசடி, அரசு ஊழல், மாஃபியா போன்ற பெரிய வழக்குகள் இவர்களிடம் போகும்.

அந்த 94இல் நட்சத்திர மாவட்டம் நியூயார்க்கின் தென் மாவட்டம். மன்ஹாட்டனும் பிராங்க்ஸும் அதன் எல்லைக்குள் வருகின்றன. வால் ஸ்ட்ரீட் அங்கேதான். பெரிய பத்திரிகைகளும் தொலைக்காட்சி நிறுவனங்களும் அங்கேதான். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதவி இறக்கம் போலத் தெரிந்த ஒரு நகர்வு

ஜூலியானி 1944இல் புரூக்ளினில், இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து முடித்து, 1970இல் அதே தென் மாவட்ட அலுவலகத்தில் இளம் வழக்கறிஞராகச் சேர்ந்தார். குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரர் என்று சீக்கிரமே பெயர் வாங்கினார். 1981இல் ரீகன் அரசில் நீதித்துறையின் மூன்றாவது பெரிய பதவி கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 36.

இரண்டே வருடத்தில் அதை விட்டுவிட்டு, நியூயார்க் தென் மாவட்டத்தின் யு.எஸ். அட்டர்னியாகத் திரும்பி வந்தார். வாஷிங்டனிலிருந்து எல்லா மாவட்டங்களையும் மேற்பார்வை பார்த்தவர் ஒரே ஒரு மாவட்டத்துக்குப் போகிறார். காகிதத்தில் பார்த்தால் பதவி இறக்கம். ஆனால் மேற்பார்வை பார்ப்பவரின் முகம் யாருக்கும் தெரியாது. வழக்குப் போடுபவரின் முகம் மறுநாள் முதல் பக்கத்தில் வரும்.

மாஃபியாவின் ‘கமிஷன்’

நியூயார்க்கில் மாஃபியா ஐந்து குடும்பங்களாக இயங்கியது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தலைவர். சண்டை வந்தால் பஞ்சாயத்துப் பேச, பெரிய கொலைகளுக்கு அனுமதி தர, தலைவர்கள் கூடும் ஒரு குழு உண்டு. அதற்குப் பெயர் கமிஷன். அதுவரை அரசு ஒவ்வோர் அடியாளாகப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தது. தலைவர்கள் தங்கள் கையால் எதையும் செய்வதில்லை என்பதால் அவர்களைத் தொட முடியவில்லை.

1970லேயே நாடாளுமன்றம் ரிகோ என்ற சட்டத்தை இயற்றியிருந்தது. ஒரு கும்பலையே குற்ற நிறுவனமாகக் காட்டி, அதன் பெயரில் பத்து வருட இடைவெளிக்குள் குறைந்தது இரண்டு குற்றங்கள் நடந்திருப்பதாக நிரூபித்தால், அந்த நிறுவனத்தை நடத்துபவரையும் தண்டிக்கலாம். போனான்னோ குடும்பத்தின் பழைய தலைவர் 1983இல் தன்வரலாறு ஒன்றை வெளியிட்டார். அதில் கமிஷன் எப்படி இயங்கியது என்று தம்பட்டம் அடித்திருந்தார். அதைப் படித்தபோதுதான், கமிஷனையே குற்ற நிறுவனமாக வைத்து வழக்குப் போடும் யோசனை வந்தது என்று ஜூலியானி சொல்லியிருக்கிறார். எதிரியே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி.

சாட்சியங்களில் பெரும்பகுதி ஒட்டுக்கேட்பு. ஒரு குடும்பத் தலைவரை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிய ஜாகுவார் காருக்குள் புலனாய்வாளர்கள் ஒலிவாங்கியைப் பொருத்தினார்கள். தலைவர் உள்ளே உட்கார்ந்து மணிக்கணக்கில் தொழில் பேச, அத்தனையும் பதிவானது. மன்ஹாட்டனில் கட்டடம் கட்டக் கான்கிரீட் ஊற்றும் ஒப்பந்தம் 20 லட்சம் டாலரைத் தாண்டினால், யாருக்கு அது போக வேண்டும் என்பதை மாஃபியாவே முடிவு செய்து இரண்டு சதவீதம் எடுத்துக்கொண்டது என்பதும் வழக்கில் வெளிவந்தது. 1985 பிப்ரவரியில் குற்றப்பத்திரிகை. அந்த டிசம்பரிலேயே குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரான பால் காஸ்டெல்லானோவை, மன்ஹாட்டன் நடுவே ஓர் உணவகத்தின் வாசலில் சொந்தக் குடும்பத்து ஆட்களே சுட்டுக் கொன்றார்கள். 1986 நவம்பரில் தீர்ப்பு வந்தது. விசாரணையை எதிர்கொண்ட எட்டுப் பேரும் குற்றவாளிகள். அவர்களில் ஏழு பேருக்கு நூறு ஆண்டுச் சிறை.

இவ்வளவு பெரிய வழக்கில் கோர்ட்டில் நின்று வாதாடியவர் ஜூலியானி இல்லை. மைக்கேல் செர்டாஃப் என்ற இளம் உதவியாளர். பிற்காலத்தில் மத்திய அமைச்சரவைக்கே போனவர் அவர். அதே நேரத்தில் ஜூலியானி பக்கத்து மாநிலமான கனெடிகட்டில், நியூ ஹேவன் நகரில் வேறொரு வழக்கை நேரில் நடத்திக்கொண்டிருந்தார். மேயர் நாற்காலியை நோக்கி அவரைத் தள்ளியது அந்த வழக்குதான் என்பது என் எண்ணம்.

பார்க்கிங் அபராதத்தில் ஒரு கொள்ளை

நியூயார்க்கில் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினால் அபராதச் சீட்டு கொடுப்பார்கள். அந்தப் பணத்தை வசூலிக்கும் வேலையை நகர நிர்வாகம் தனியார் நிறுவனங்களுக்கு விட்டிருந்தது. ஒப்பந்தம் வேண்டுமென்றால் அதிகாரிகளுக்குக் கப்பம் கட்ட வேண்டும். சீட்டு எழுதக் கையடக்கக் கணினி வாங்க 2 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் ஒன்றும் போடப்பட்டது. அதைப் பெற்ற நிறுவனத்திடம் அப்படி ஒரு கருவியே இல்லை. அதில் பெரும் பங்கு வைத்திருந்தவர் ஸ்டான்லி ஃப்ரீட்மன், பிராங்க்ஸ் பகுதியின் ஜனநாயகக் கட்சித் தலைவர்.

1986இல் ஊழல் வெடித்தது. குயின்ஸ் பகுதியின் தலைவர் டொனால்ட் மேனஸ் தற்கொலை செய்துகொண்டார். பார்க்கிங் துறையின் துணை இயக்குநர் அப்ரூவர் ஆனார். நியூயார்க்கில் இருந்த பரபரப்பில் நடுநிலையான ஜூரி கிடைப்பது கஷ்டம் என்பதால் விசாரணை நியூ ஹேவனுக்கு மாற்றப்பட்டது. ஃப்ரீட்மனைக் குறுக்கு விசாரணை செய்தவர் ஜூலியானியே. ஃப்ரீட்மனுக்கு 12 ஆண்டுச் சிறை கிடைத்தது.

நகரத்தை ஆண்ட கட்சியின் பகுதித் தலைவர்களே திருடர்கள் என்று நிரூபித்தவர் எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சிக்காரர். மேயர் எட் காக் மீது தனிப்பட்ட ஊழல் குற்றச்சாட்டு எதுவும் வரவில்லை. ஆனால் அவர் காலத்தில், அவர் கண்ணெதிரே நடந்தது. அடுத்த மேயர் யார் என்ற பேச்சில் ஜூலியானி பெயர் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

கைவிலங்கு, கேமரா, பிறகு அமைதி

வால் ஸ்ட்ரீட்டிலும் அதே வேகம்தான். ஐவன் போய்ஸ்கி என்ற பங்குச் சூதாடி 1986இல் சிக்கி, 10 கோடி டாலர் கட்டச் சம்மதித்துவிட்டு மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தார். அது வெற்றி. 1987 பிப்ரவரியில் நடந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. மூன்று பங்கு வர்த்தகர்களைக் கைது செய்தார்கள். அவர்களில் ஒருவரை அலுவலகத்திலேயே, சக ஊழியர்கள் பார்க்க, விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். மூன்று மாதம் கழித்து, ‘இந்தக் குற்றப்பத்திரிகையை இப்போதைக்கு வாபஸ் வாங்கிக்கொள்கிறோம், பெரிதாக இன்னொன்று வரும்’ என்றது அரசுத் தரப்பு. அது வரவே இல்லை. இரண்டு பேர் மேல் எதுவும் நிற்கவில்லை. மூன்றாமவர் 1989இல் ஒரே ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார். கைதான அன்று வந்த செய்தியின் அளவும் வழக்கு கைவிடப்பட்ட அன்று வந்த செய்தியின் அளவும் ஒன்றாக இருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குற்றம் சாட்டும் நாளில் கேமரா வரும். தீர்ப்பு வர வருடமாகும். இடைப்பட்ட காலத்தில் பிராசிக்யூட்டர் மக்கள் மனதில் ஏற்கெனவே ஜெயித்துவிட்டிருப்பார். வேறு எந்த அரசியல் பதவியிலும் இப்படி ஒரு வசதி கிடையாது. ஆளுநரோ அமைச்சரோ வாக்குறுதி கொடுத்தால், எப்போது செய்வீர்கள் என்று மறுநாளே கேட்பார்கள்.

முதல் தேர்தலில் தோல்வி

1989 ஜனவரியில் ராஜினாமா செய்துவிட்டு, அந்த வருட மேயர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளராக இறங்கினார். நியூயார்க்கில் பதிவு செய்த வாக்காளர்களில் ஜனநாயகக் கட்சியினர் ஐந்து என்றால் குடியரசுக் கட்சியினர் ஒன்று. கடைசியாகக் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர் மேயர் பதவியைப் பிடித்தது 1965இல். எட் காக்கைத் தோற்கடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். காக் தன் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே டேவிட் டின்கின்ஸிடம் தோற்றுப்போனார். டின்கின்ஸ் மென்மையாகப் பேசும் கறுப்பின மூத்த தலைவர். ஊழலோடு சம்பந்தப்படுத்த முடியாத ஆளிடம் ஊழல் ஒழிப்புப் பிரசாரம் எடுபடவில்லை. ஏறத்தாழ 47,000 ஓட்டு வித்தியாசத்தில் டின்கின்ஸ் ஜெயித்து, நகரத்தின் முதல் கறுப்பின மேயர் ஆனார்.

மேடையில் ஜூலியானி பேசியதும் ஜூரி முன் வாதாடுவது போலவே இருந்தது. ஜூரிக்கு 12 பேரின் ஒருமித்த முடிவு போதும், அதற்குப் பிறகு அவர்களைப் பார்க்க வேண்டியதில்லை. வாக்காளரோடு நான்கு வருடம் குடும்பம் நடத்த வேண்டும்.

1993

அடுத்த நான்கு வருடம் அவர் படிக்கப் போனார் என்றே சொல்லலாம். வீட்டு வசதி, பள்ளிகள், பட்ஜெட் என்று நிபுணர்களை அழைத்து உட்கார்ந்து கேட்டார். கூட்டணியும் அமைத்தார். நியூயார்க் தேர்தல் சட்டப்படி ஒரே வேட்பாளரை இரண்டு கட்சிகள் நிறுத்தலாம். இரண்டு கட்சிகளின் ஓட்டும் கூட்டப்படும். குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடக் கை வராதவர்கள், லிபரல் கட்சி வரிசையில் அதே ஜூலியானிக்குப் போடலாம். தணிக்கை அதிகாரி பதவிக்கு ஹெர்மன் பதில்யோ என்ற புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளி ஜனநாயகக் கட்சிக்காரரைத் தன் அணியில் நிறுத்தினார்.

நகரமும் மாறியிருந்தது. 1990இல் மட்டும் 2,200 கொலைகளுக்கு மேல். 1991இல் புரூக்ளினின் கிரவுன் ஹைட்ஸ் பகுதியில் நடந்த கலவரத்தை டின்கின்ஸ் சரியாகக் கையாளவில்லை என்ற கோபம் யூதர்களிடம் இருந்தது. பெரிய குற்றங்களைப் பற்றிப் பேசுவதோடு ஜூலியானி சின்னத் தொல்லைகளையும் கையில் எடுத்தார். சிவப்பு விளக்கில் கார் நின்றால் ஒருவர் ஓடிவந்து, கேட்காமலேயே கண்ணாடியை அழுக்குத் துணியால் துடைத்துவிட்டுக் காசு கேட்டு நிற்பார். ஊர் முழுக்க இப்படிப்பட்டவர்கள் மொத்தம் நூறு பேர்கூட இல்லை என்று பிறகு தெரியவந்தது. ஆனால் சுரங்கப்பாதை வாயிலில் தினமும் அந்த ஒருவரைப் பார்க்கும் காரோட்டிக்கு, ஊரில் சட்டம் செத்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவர்களை அப்புறப்படுத்தும் வேலையை டின்கின்ஸின் போலீஸ் கமிஷனரே தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிட்டார் என்பது இந்தக் கதையில் பலரும் விட்டுவிடும் பகுதி.

வெள்ளையர் அதிகம் வாழும் ஸ்டேட்டன் தீவில், நகரத்திலிருந்து பிரிந்து போகலாமா என்ற பொது வாக்கெடுப்பும் அதே நாளில் நடந்தது. ஓட்டுச்சாவடிக்குக் கூட்டம் வந்தது, வந்தவர்கள் ஜூலியானிக்கும் போட்டார்கள். இம்முறை ஏறத்தாழ 53,000 ஓட்டில் அவர் ஜெயித்தார்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

சென்னை மேயரை மனதில் வைத்துக்கொண்டு நியூயார்க் மேயரை எடைபோட்டால் கணக்குத் தப்பும். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அந்த மேயர்தான் நிர்வாகத்தின் தலைவர். போலீஸ் கமிஷனரை நியமிப்பவரும் நீக்குபவரும் அவரே. ஆனால் வழக்குப் போடும் அதிகாரம் மட்டும் அவருக்கு இல்லை. நகரின் ஐந்து பகுதிகளுக்கும் தனித்தனி டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிகள், ஐந்து பேருமே மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மேயர் சொல்லி அவர்கள் கேட்க வேண்டியதில்லை.

ஜூலியானி நியமித்த கமிஷனர் வில்லியம் பிராட்டன். எந்தத் தெருவில் எந்தக் குற்றம் என்று வாராவாரம் புள்ளிவிவரத்தை வரைபடத்தில் போட்டு, அந்தப் பகுதியின் போலீஸ் அதிகாரியை நிற்க வைத்துக் கேள்வி கேட்கும் காம்ஸ்டாட் முறை அப்போது வந்தது. 1993இல் 1,946 ஆக இருந்த கொலைகள் 2001இல் 649 ஆகக் குறைந்தன. இது யாருடைய சாதனை என்று இன்றும் சண்டை நடக்கிறது. டின்கின்ஸ் காலத்தில் போட்ட வரியில்தான் கூடுதல் போலீசார் சேர்க்கப்பட்டார்கள். கொலைகள் குறையத் தொடங்கியதும் அப்போதுதான். அதே வருடங்களில் அமெரிக்காவின் பல நகரங்களிலும் குற்றம் குறைந்தது. முழுப் பெருமையும் ஜூலியானிக்கு என்பதும் அவருக்குப் பங்கே இல்லை என்பதும் எனக்கு ஒத்துவரவில்லை. அவரே அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொள்ள விரும்பியவர் இல்லை. 1996 ஜனவரியில் டைம் இதழின் அட்டையில் பிராட்டன் படம் வந்தது. சில வாரங்களில் பிராட்டன் பதவி விலக நேர்ந்தது.

பழைய தொழிலின் சுபாவம் எங்கே இடித்தது என்பதற்கு ஒரே சம்பவம் போதும். 2000 மார்ச்சில் பேட்ரிக் டோரிஸ்மண்ட் என்ற 26 வயதுக் காவலாளி, மன்ஹாட்டனில் வேலை முடிந்து ஒரு மதுக்கடை வாசலில் நின்றிருந்தார். மப்டியில் வந்த போலீஸ்காரர் அவரிடம் கஞ்சா கிடைக்குமா என்று கேட்டார். நான் அப்படிப்பட்ட ஆளா என்று அவர் கோபப்பட, கைகலப்பாகி, துப்பாக்கி வெடித்தது. டோரிஸ்மண்ட் இறந்தார். அவர் கையில் ஆயுதம் இல்லை.

மேயராக இருந்தவர் குடும்பத்துக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம், விசாரணை முடியட்டும் என்று வாயைக் கட்டியிருக்கலாம். ஜூலியானி செய்தது, டோரிஸ்மண்ட் 13 வயதில் சிக்கிய ஒரு விவகாரத்தின் ஆவணத்தை வெளியிட வைத்தது. சிறுவர் வழக்கு என்பதால் முத்திரையிட்டு மூடி வைத்திருந்த ஆவணம் அது. இறந்தவருக்கு அந்தரங்க உரிமை கிடையாது என்று சட்டம் பேசினார். அவர் ஒன்றும் தேவாலயத்தில் பூசைக்கு உதவும் பிள்ளை இல்லை என்றும் சொன்னார். டோரிஸ்மண்ட் சிறுவயதில் அந்தச் சேவையைச் செய்தவர்தான் என்பதும், புரூக்ளினில் ஜூலியானி படித்த அதே கத்தோலிக்கப் பள்ளியில் படித்தவர் என்பதும் பிறகு வெளியே வந்தன. கூண்டில் நிற்பவரின் நம்பகத்தன்மையை உடைப்பது ஒரு பிராசிக்யூட்டருக்கு அன்றாட வேலை. இங்கே கூண்டில் யாரும் இல்லை, இறந்து கிடந்தவர் அவருடைய நகரத்துக் குடிமகன். அந்த வருடம் செனட் தேர்தலுக்கு ஹிலாரி கிளின்டனுக்கு எதிராகத் தயாராகிக்கொண்டிருந்தவர், புற்றுநோயைக் காரணம் காட்டி மே மாதம் விலகினார்.

2001 செப்டம்பர் 11 வந்திருக்காவிட்டால் அவர் இந்தக் கசப்போடுதான் பதவியை விட்டுப் போயிருப்பார். அன்றைக்குப் புழுதிக்குள் நடந்துவந்து நகரத்தோடு பேசிய மேயரை உலகமே பார்த்தது. அந்தப் புகழ் 2008 அதிபர் தேர்தலில் கைகொடுக்கவில்லை. டிரம்ப்பின் வழக்கறிஞராக 2020 தேர்தல் முடிவை எதிர்த்துப் பேசிய பேச்சுக்களால் 2024இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் உரிமத்தையே இழந்தார். 2023இல் ஜார்ஜியா மாநிலம் அவர் மேல் போட்ட வழக்கும் ரிகோ சட்டத்தின் மாநில வடிவத்தில்தான். அந்த வழக்கு 2025இல் கைவிடப்பட்டது.

மற்றவர்கள்

நியூயார்க்கிலேயே இதற்கு முன்னோடி உண்டு. புரூக்ளின் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியாகக் கொலைக் கும்பலை ஒழித்துப் பெயர் வாங்கிய வில்லியம் ஓ’ட்வையர், 1941இல் மேயர் தேர்தலில் தோற்று 1945இல் ஜெயித்தார். ரிச்சர்ட் எம். டேலி சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுன்டியின் அரசு வழக்கறிஞராக இருந்து, 1989 முதல் 2011 வரை சிகாகோ மேயர். அவருக்கு அப்பாவின் பெயரே பாதி பலம். அப்பா டேலி அதே நாற்காலியில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவர். எட் ரெண்டல் பிலடெல்பியாவில் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி, பிறகு மேயர், பிறகு பென்சில்வேனியா ஆளுநர்.

சிகாகோவின் லோரி லைட்ஃபுட் கதை வேறு மாதிரி. முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞரான அவர் 2019இல் ஊழல் எதிர்ப்பைப் பேசி 50 வார்டுகளையும் வென்றார். ஆனால் போலீஸ் மேல் கோபத்தில் இருந்த இளைஞர்களுக்கு அந்தப் பழைய பதவியே குறையாகத் தெரிந்தது. இன்னொரு பக்கம் போலீஸ் சங்கமும் அவரோடு முட்டிக்கொண்டது. 2023இல் முதல் சுற்றைக்கூடத் தாண்டவில்லை.

ஜூலியானி தலைமை தாங்கிய தென் மாவட்ட அலுவலகம் பிறகும் நியூயார்க் மேயர்களை விடவில்லை. 2024 செப்டம்பரில் பதவியில் இருந்த மேயர் எரிக் ஆடம்ஸ் மேலேயே லஞ்சக் குற்றப்பத்திரிகை போட்டது. அடுத்த பிப்ரவரியில், அதிபர் மாறிய பிறகு, வழக்கைக் கைவிடச் சொல்லி வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. பொறுப்பு யு.எஸ். அட்டர்னியாக இருந்த டேனியல் சசூன் மறுத்து ராஜினாமா செய்தார். ஏப்ரலில் நீதிபதி வழக்கை முடித்துவைத்தார், மீண்டும் தொடர முடியாதபடி. நியமனத்தில் வந்த யு.எஸ். அட்டர்னிக்கும் ஓட்டில் வந்த டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. மன்ஹாட்டன் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னிக்கு வாஷிங்டன் அப்படி ஓர் உத்தரவு போட்டிருக்க முடியாது.